போட்டவன்தான் தூக்கணும்

எங்கள் ஆலையில் ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். ஆளுக்கொரு கட்டுரை தந்தாக வேண்டும் என்று சங்கச் செயலாளர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். நூற்பில் இருந்தவர்கள் நூலைப் பற்றி எழுதுவார்கள், கேண்டீனில் இருந்தவர்கள் சாம்பாரைப் பற்றி எழுதுவார்கள். நான் மிஷினையும் தொட்டதில்லை, கரண்டியையும் தொட்டதில்லை. என் உத்தியோகம் முழுக்க ஒரு புல்லட்டின் முதுகிலேயே கழிந்தது. எதை எழுதுவது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான், இப்போது ஆலையில் வண்டிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற தம்பி செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். ஒல்லிக்குச்சியாக ஒரு பெண், கீழே கிடக்கிற பெரிய மோட்டார் சைக்கிளுக்கு முதுகைக் கொடுத்து, அப்படியே பின்னால் நடந்து அதை நிமிர்த்திவிடுகிறாள். இதில் என்னண்ணே தந்திரம் என்று கேட்டான்.

தந்திரமும் இல்லை, மந்திரமும் இல்லை. எண்பதுகளிலேயே நாங்கள் ஆலை வாசலில் செய்துகொண்டிருந்ததுதான். அதைச் சொல்ல வேண்டுமானால் அவில்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. அதனாலேயே இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது எங்கள் ஆலைக்கு ராஜபாளையத்தில் இரண்டு யூனிட், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு யூனிட். டெலிபோன் இருந்தது என்று பெயர்தான். சுற்றிச் சுற்றி விரல் தேயும், லைன் கிடைக்காது. கிடைத்தாலும் பஞ்சு சாம்பிளை டெலிபோனுக்குள் திணித்து அனுப்பவா முடியும்? அதற்குத்தான் நாங்கள் நாலு பேர், நாலு புல்லட். பஞ்சு சாம்பிள், பரிசோதனைக்கு நூல், ஓடிக்கொண்டிருக்கும் மிஷின் நின்றுபோனால் அதற்கு அவசர ஸ்பேர், எல்லாம் எங்கள் தலையில். பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் தகரப்பெட்டி மாட்டியிருக்கும். வண்டியே யானைக் கனம். பெட்டிக்குள் பேரிங்கும் பல்சக்கரமும் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஞானமுத்து. பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகும் வேலை பார்த்து, அவில்தாராக வெளியே வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பட்டாளத்துக்காரர் என்றதும் மீசையும் உயரமுமாக ஓர் ஆளை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் நாலு பேரையும்விடக் குட்டை. ராஜபாளையத்து வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மனசு நன்றாக இருந்தால் எங்களை 'ஏலே' என்பார். கோபம் வந்துவிட்டால் 'ஐயா' என்பார். அவர் வாயிலிருந்து 'வாங்கய்யா' என்று வந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

தேவதானத்தில் அப்பாவின் வயலை விட்டுவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எனக்கு ஓட்டத் தெரியுமா என்று அவர் கேட்கவேயில்லை. ஒரு வண்டியைத் தரையில் படுக்கப் போட்டார். தூக்கச் சொன்னார். எனக்கு அப்போது நல்ல உடம்பு. மூட்டை தூக்கிய உடம்பு. ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்து தம் கட்டினேன். வண்டி அசைந்து கொடுத்தது, என் இடுப்பில் சுளுக்கென்றது, அவ்வளவுதான். நாக்குத் தள்ளி நின்றவனைப் பார்த்துவிட்டு அவர் காலியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தார். தூக்கக் கற்கும்வரை சாவி கிடையாது. அந்த வாரம் பூராவும் நான் வண்டி ஓட்டவில்லை, தூக்கிக்கொண்டே இருந்தேன்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். வண்டி விழுந்ததும் முதலில் கை போக வேண்டிய இடம் பெட்ரோல் டேப். அதை மூடு. பிறகு சாவியை அணை. வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே தள்ளி வை. இல்லையென்றால் நிமிர்ந்த வண்டி அந்தப்பக்கம் போய் மறுபடி விழும். சக்கரம் உருளாமல் இருக்க கியரில் கிடக்கட்டும். முடியாவிட்டால் முன் பிரேக்கை ஒரு ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டு. ஹேண்டிலைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்பு. இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்புக்குக் கீழே பதியும்படி உட்கார். ஒரு கை கீழே கிடக்கும் ஹேண்டில் பிடியில். இன்னொரு கை பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பில். கை இரண்டும் பிடிக்க மட்டும்தான். தூக்குவது தொடை. முதுகு நேராக, பார்வை எதிரே, சின்னச் சின்ன எட்டாகப் பின்னால் நட. கீழே பார்த்தால் முதுகு வளையும், வளைந்தால் போச்சு. பாதிக்கு மேல் வந்ததும் வண்டி தானாக லேசாகும். அந்த இடத்தில்தான் புத்தி வேண்டும். சந்தோஷத்தில் தள்ளிவிடக் கூடாது.

இது முறை. முறைக்கு மேல் ஒரு சட்டம் வைத்திருந்தார். எவன் வண்டியை விழவிட்டானோ அவன்தான் தூக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சிரிக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, கிட்டே போகவே கூடாது.

"ஏலே, கீழ போட்டது யாரு? நீ. அப்பம் தூக்குறதும் நீதான். நாளைக்கு நடுரோட்டுல விழுந்து கெடப்ப. ஈ காக்கா இருக்காது. அப்பம் யாரு வருவா?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மத்தியான வெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் அந்தக் காலத்தில் புளியமரத்தைத் தவிர ஓர் உயிரைப் பார்க்க முடியாது.

இந்தச் சட்டம் எங்கள் பிரிவோடு நிற்கவில்லை. ஆலை முழுக்கப் பரவிவிட்டது. வாசலில் யாருடைய வண்டியாவது விழுந்தால் டீக்கடையில் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் மரியாதையாகப் பார்ப்பார்கள். ஒருத்தன் எழுந்து வரமாட்டான். புதிதாக வந்த துணை மேலாளர் ஒருவர் கேட் அருகே வண்டியோடு சாய்ந்துவிட்டார். சுற்றிலும் அத்தனை பேர். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார், காவலாளி உட்பட அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டி நிற்கிறார்கள். பாவம், தனக்கு ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. அப்புறம் ஆபீசில் போய்க் கத்தியிருக்கிறார். அவில்தாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் பவ்யமாகப் போய், அந்த மேலாளரையே வாசலுக்கு அழைத்து வந்து, வண்டியைப் படுக்கப் போட்டு, தூக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அதன்பிறகு அந்த மனுஷர் போகிற வருகிற ஆட்களிடமெல்லாம் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

சட்டம் என்னைக் காப்பாற்றியதையும் சொல்ல வேண்டும். ஒரு மழைநாள். ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டில் மிஷின் நின்று கிடக்கிறது, பெட்டி நிறைய பேரிங்கோடு போகிறேன். கண்மாய்க் கரை ஓரம் மாட்டு வண்டிக்கு ஒதுங்கப்போய்ச் சேற்றில் சறுக்கி, கால்மேல் வண்டி. மாட்டுவண்டிக்காரர் கவனிக்காமல் போய்ச்சேர்ந்துவிட்டார். கத்தினால் தவளைதான் பதில் சொல்லும். எனக்கு அழுகை வந்தது. ஆனால் கை என்னைக் கேட்காமலே போய்ப் பெட்ரோலை மூடிவிட்டது. அதற்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது. சேற்றைத் தோண்டிக் காலை உருவி, பெட்டியிலிருந்து பேரிங்கை எடுத்துக் கரையில் வைத்துவிட்டு, முதுகைக் கொடுத்து நிமிர்த்தினேன்.

திரும்பி வந்து சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான், பெட்ரோலை மூடினாயா என்று. ஆமாம் என்றேன். 'ம்' என்றார். ஆனால் அன்றைக்கு என்னை ராஜபாளையத்தில் விடாமல் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் மனைவி எஸ்தர் அக்கா எண்ணெயைச் சூடாக்கி வந்து கொடுக்க, என் கணுக்காலைத் தன் மடியில் தூக்கிவைத்து அவரே நீவிவிட்டார். நான் கூசிப்போய்க் காலை இழுத்தேன். சும்மா கிடலே என்றார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எஸ்தர் அக்கா மெலிந்த உடம்பு, நிறையப் பேசுவார், புருஷனைக் கிண்டல் பண்ணுவதில் தனி ருசி அவருக்கு. அன்றைக்கு என் காலைப் பார்த்துவிட்டு, அந்தச் சட்டம் ஆலையில் மட்டும் இல்லை, இங்கேயும் அதுதான் என்றார். வீட்டில் செம்பு தவறி விழுந்தாலும் போட்டவர்தான் எடுக்க வேண்டுமாம். கல்யாணமான புதிதில் இவர் தட்டிவிட்ட சோற்றுப்பானையைத் தான் எடுக்கப் போனதற்கு இரண்டு நாள் பேசவில்லையாம். அவில்தார் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் மட்டும் லேசாகச் சிரிப்பு இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆயுத பூஜை. எங்கள் ஆலையில் அது பெரிய கொண்டாட்டம். மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வாசலில் வண்டிகள் வரிசை, தொழிலாளர் குடும்பமெல்லாம் பொரிகடலைக்கு வந்துவிடும். அவில்தார் கிறிஸ்தவர், கும்பிட மாட்டார். ஆனால் வண்டி கழுவுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. பூஜை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தின்மேல் முதல் வண்டியை ஏற்றி ஓட்டுவது வருஷாவருஷம் அவர்தான். எஸ்தர் அக்காவும் வந்து பெண்கள் பக்கம் நின்றிருந்தார்.

அவர் வண்டியை உதைத்து எடுத்தார். பழம் நசுங்கியது. வாசலைக் கடக்கவில்லை, வண்டி வலப்பக்கம் மெதுவாகச் சாய்ந்தது. வேகமே இல்லை. யாரோ பிடித்துப் படுக்கவைத்த மாதிரி விழுந்தது. அவர் வலதுகால் அடியில். பூசாரி மணியடிப்பதை நிறுத்திவிட்டார்.

வேறு எந்த ஊரிலும் வண்டி விழுந்தால் நாலு பேர் ஓடுவார்கள். எங்கள் வாசலில் மட்டும் ஓட மாட்டார்கள். நாங்கள் நாலு பேரும் கையைப் பின்னால் கட்டினோம். எங்களைப் பார்த்து அத்தனை கூட்டமும் அப்படியே நின்றது. அவர் இடதுகை நீண்டு போய்ப் பெட்ரோல் டேப்பை மூடியது. அதைப் பார்த்ததும் எங்களுக்கு நிம்மதியே வந்துவிட்டது. சார் சாராகத்தான் இருக்கிறார் என்று நினைத்தோம். அப்புறம் சாவியை அணைத்தார். வலதுகை வரும் என்று காத்திருந்தோம். அது வரவில்லை. அவர் முகம் எங்கள் பக்கம் திரும்பியது, உதடு அசைந்தது. திட்டுகிறார் என்று நினைத்தோம். புதிதாகச் சேர்ந்த நூற்புக்காரன் ஒருத்தன் பாய்ந்தான். எங்களில் மூத்தவரான ராமர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சும்மா இருலே. சாருக்குக் கோவம் வரும்."

எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பெண்கள் பக்கமிருந்து எஸ்தர் அக்கா ஓடிவந்து ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார். அவருக்கு முறை தெரியாது. வண்டி அசையவில்லை. திரும்பி எங்களைப் பார்த்து, "அவிய வாயி கோணிக்கிட்டுப் போகுது, பாத்துக்கிட்டா நிக்கிய?" என்றார். அப்போதுதான் எங்களுக்குக் கண் தெரிந்தது.

பக்கவாதம். மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டர், நீங்கள் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தால் எதுவும் கூடிவிடவுமில்லை, குறைந்துவிடவுமில்லை, வண்டி விழுவதற்கு முன்பே வந்ததைத்தான் வண்டி காட்டியது என்றார். நாங்கள் நாலு பேரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். எஸ்தர் அக்கா அதைக் கேட்டுக்கொண்டார், தலையாட்டவில்லை.

வலதுகையும் வலதுகாலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஒன்றிரண்டு வார்த்தை, அதுவும் உருட்டிப் புரட்டி வரும். ஆனால் தலை தெளிவு. அதுதான் கொடுமை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அக்காவைத் தொடவிடவில்லை. கட்டிலிலிருந்து எழ முயன்று கீழே விழுவார். தூக்கப் போனால் இடதுகையால் தட்டிவிடுவார். பிறகு தரையில் கிடந்தபடியே புரண்டு, கட்டில் விளிம்புக்கு முதுகைக் கொடுத்து, இடதுகையால் சட்டத்தைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி ஊன்றிப் பின்னால் தள்ளுவார். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறை. சில நாள் ஏறிவிடுவார். சில நாள் பாதியில் சரிந்து, மறுபடி முதலிலிருந்து. அக்கா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் ஒருநாள் போனபோது அந்தக் காட்சியைப் பார்த்தேன். நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தினமும் பார்க்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்றைக்கு அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். கிண்டல் பண்ணும் அந்த முகத்தைக் காணோம், இளைத்துக் கறுத்துப் போயிருந்தார்.

"தம்பி, நீ சொன்னா கேப்பாவ. என்னைத் தொடவிடச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம். இப்படி விழுந்து விழுந்து ஒருநாளு மண்டைய ஒடச்சிக்கிடுவாவ. அவிய எந்திரிக்க வேண்டாம், நடக்க வேண்டாம், கெடந்தா போதும் எனக்கு."

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். சட்டம் சரிதான் சார், ஆனால் அதற்கு நீங்கள்தானே காரணமும் சொன்னீர்கள், ஆளில்லாத ரோட்டில் விழுந்தால் யார் வருவார்கள் என்று. இது ரோடு இல்லையே, அக்கா இருக்கிறார்களே, கூப்பிடுவதற்கு முன்பே ஓடிவருகிறார்களே என்றேன். அன்றைக்கு என் காலை நீங்கள் மடியில் வைத்து நீவிவிட்டீர்களே, அது மட்டும் என்ன என்றும் கேட்டேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. அவர் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நெடுநேரம் வாயைக் கூட்டிக் கூட்டி எதையோ சொல்லப் பார்த்தார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"போட்டது... நாந்தான்."

வண்டியைச் சொன்னாரா, உடம்பைச் சொன்னாரா, அக்காவின் வாழ்க்கையைத்தான் சொன்னாரா, எனக்கு விளங்கவில்லை. அதற்கு மேல் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பின்கட்டுக்குப் போய் அக்காவிடம் உதட்டைப் பிதுக்கினேன். அவர் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் முடிந்துவிட்டது. காலையில் பல் தேய்க்க முற்றத்துக்கு ஊன்றுகோலோடு போனவர் துவைகல் பக்கத்தில் விழுந்திருக்கிறார். அக்கா ஓடியிருக்கிறார். கையை ஓங்கி விரட்டியிருக்கிறார். பிறகு நடந்ததை அக்காவே என்னிடம் சொன்னார். "கல்லுக்கு முதுகக் குடுத்து ஒக்காந்துட்டாவ தம்பி. சரி, ஏறிருவாவன்னு நெனச்சேன். பாத்துக்கிட்டு நிக்க ஏலல. அடுப்படிக்குப் போயி இட்டிலியப் பாத்தேன். செத்த நேரந்தான்." திரும்பி வந்தபோது அவர் அப்படியே இருந்தார், முதுகு நேராக, இடதுகை கல்லைப் பிடித்தபடி, பார்வை எதிரே. உயிர் இல்லை.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான். அந்த மனுஷர் தப்பாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் அடக்கம். ஆலையிலிருந்து பாதி ஆட்கள் வந்திருந்தார்கள். வீட்டில் ஜெபம் முடிந்தது, பெட்டியை மூடினார்கள். அவருடைய ஆட்களே எடுக்கட்டும் என்று போதகர் எங்களைக் கூப்பிட்டார். நானும் ராமரும் மற்ற இருவரும் ஆளுக்கொரு மூலையில் போய் நின்றோம். குனிந்து எடுக்க வேண்டியதுதான். ஒருத்தரும் குனியவில்லை. ராமர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் கிடக்கிறார், நாங்கள் எப்படித் தொடுவது என்று தோன்றியதா, வேறென்ன தோன்றியது என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எஸ்தர் அக்கா நிமிர்ந்து பார்த்தார். அழுது முடித்த முகம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இப்பமாவது தூக்குங்கய்யா," என்றார். "இனிமே அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாவ."